சில்லுக்கு வைத்த சந்தனம்

அன்பு மச்சான்,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. அழுதுகொண்டு எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. இந்தக் கடிதம் முழுக்கப் பொறாமைதான்.

உன் அக்கா மகள் ரேவதி, ஆராய்ச்சிக்காகத் திருச்சானூரில் உன் வீட்டில் தங்கி, உன் ஷேர் ஆட்டோவில்தான் திருப்பதி லேபுக்குப் போய்வந்தாள். பெற்றவன் நான் சத்தியவேட்டில். ‘ஆக்சைடு படலம்’ பற்றி அவள் பேசியதெல்லாம் உன் காதுக்கே போயிற்று. நியாயமா?

லேபில் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கவும் உன்னைத்தான் கூப்பிட்டாளாம். நான் என்ன சளைத்தவனா?

இந்த வருடப் பூஜைக்கு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் சென்னையில் அளப்பதற்காக ஒரு சின்ன டப்பா கொண்டுவந்திருந்தாள். உள்ளே நகத்தளவு சில்லு. என் மொபெட்டுக்கு வைத்த கையோடு டப்பாவைத் திறந்து, சில்லின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

சில்லின் மேல்தான் அந்தப் படலமாம், சில அணு அடுக்கு கனத்தில். மாதக்கணக்கான வேலை. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

திட்டவில்லை, மச்சான். உட்காரவைத்துச் சொன்னாள். ஒவ்வொரு அணுவும் குட்டிக் காந்தமாம். சில இடங்களில் அவை தலைச்சுழி மாதிரி சுற்றி நிற்குமாம். கரண்ட்டை நேராக விட்டால் குறுக்கே கொஞ்சம் வோல்டேஜ் வரும். வெளியே காந்தத்தைக் கூட்டிக் குறைத்து அதை வரைந்தால் கோட்டில் ஒரு மேடு. சுழியால் வந்த மேடா, ஒரே படலத்தில் இரண்டு விதமான பகுதிகள் கலந்ததால் வந்ததா? அதுதான் அவள் கேள்வி.

நான் புரிகிறது, புரிகிறது என்று தலையாட்டினேன்.

“உனக்குப் புரியல நைனா. மாமா ‘புரியல, மறுபடி சொல்லு’ன்னு கேட்டுக்கினே இருப்பாரு. அவருக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு போறப்பதான், அந்த மேடு வேற மாதிரியும் வரலாமேன்னு எனக்கே தோணிச்சு.”

எட்டாவதோடு நின்ற உனக்கு ‘புரியல’ என்ற சொல் சுலபமாக வந்தது. நான் பத்தாவது பாஸ் ஆயிற்றே. டாக்டர் சொல்வதற்குக்கூடத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கம்பவுண்டரிடம் கேட்கிறவன்.

அன்றுதான் முதல்முறையாகப் புரியவில்லை என்றேன். அவள் மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது தடவைக்குள் உன் அக்கா சோறு ஆறுகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.

தீசிஸின் முதல் பக்கத்தில் உன் பெயரைத்தான் போடப்போகிறாளாம். வயிறு எரிகிறது. போடட்டும்.

புதுப் படலம் செய்து அளந்துவிட்டுப் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறாள். புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன் மச்சான், உன்னைவிட ஒரு தடவையாவது அதிகமாக. இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு,
உன் மாமன்