அத்திப்பால் என்றாய்

நேற்று மகளின் பிறந்தநாளுக்காக ஐந்து ரோடு சந்திப்பில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலுக்குப் போயிருந்தோம். அவள் கேட்ட பாஸ்தாவின் மேல் பரிமாறுபவர் ஒரு மஞ்சள் கட்டியைத் துருவினார். "இத்தாலி செம்மறிப்பால் சீஸுங்க சார்" என்றார் பெருமையாக. நனைந்த கம்பளியும் பழைய நெய்யும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஏம்ப்பா, மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் மகள். உன்னைப் பற்றி அவளிடம் பேச விருப்பமில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் அழைத்தேன். அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை. செத்தவனுக்கு 'நீ' போதும்.

சிசிலித் தீவில் எட்டு வருடம் ஆட்டுப் பண்ணையில் சாணம் வாரிவிட்டுத் திரும்பிய உன்னை எல்லோரும் விஞ்ஞானியைப் போலப் பார்த்தார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்தும் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஓமலூர்ப் பக்கம் பட்டி போட்டு மேச்சேரிச் செம்மறி ஆடுகளைக் கட்டினாய். கறிக்கு வளர்க்கிற ஆடு அது. நாற்பது ஆட்டைக் கறந்தாலும் ஒரு குடம் தேறாது. குட்டிகள் மடிக்காகக் கத்திக்கொண்டிருக்க, நீ பாலை வெதுவெதுப்பாக்கி உறையவிட்டு, கட்டியைக் கழியால் உடைத்து, நாணல் கூடையில் அமுக்கி, மிளகு பதித்து, உப்புத் தேய்த்து மாதக்கணக்கில் அடுக்கி வைத்தாய். மிஞ்சிய தெளிநீரை மறுபடி காய்ச்சினால் மேலே வெள்ளையாக ஒன்று திரண்டு வரும். ரிக்கோட்டா என்றாய். அம்மா அதற்கு 'நொரைக்கட்டி' என்று பெயர் வைத்தாள்.

ஞாயிறுதோறும் சூரமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்து என் அடுப்பில் சமைப்பாய். வதக்கிய கத்திரிக்காயையும் தக்காளியையும் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையில் பிரட்டி, உப்பிட்டுக் காயவைத்த நொரைக்கட்டியை மேலே துருவிப் போடுவாய். அங்கே பொரித்த மாவுக் குழலில் அடைக்கும் இனிப்பை இங்கே கொழுக்கட்டைக்குள் வைத்தாய். நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

பதினோரு வருடம் அம்மாவை வைத்துப் பார்த்தவன் நான். தொண்டையில் புற்று வந்து கஞ்சியும் இறங்காமல் போனபோது, நாட்டுச் சர்க்கரை கலந்த நொரைக்கட்டி மட்டும் இறங்கியது. தினமும் பஸ் ஏறிக் கொண்டுவந்தாய். நீ ஊட்டினால்தான் வாய் திறந்தாள்.

முட்டைகூடத் தொடாதவள் அவள். அதனால் அவள் முன்னாலேயே கேட்டேன்: "பாலை எதுலீங்ண்ணா உறைய வெக்கறீங்க?"

"அத்திப்பால்தான் தம்பி. அத்திக்கெளைய ஒடிச்சா வடியற பால்."

அத்திப்பாலில் உறைந்தது நாளானால் கசக்கும். நீ அடுக்கிய கட்டிகள் கசக்கவில்லை. நீ இல்லாத ஒரு மதியம் பட்டிக்குப் போனேன். உப்புச் சாடிக்கு மேலே ஆணியில் தொங்கியது, இன்னும் புல் கடிக்காத குட்டியின் இரைப்பை. அது கடைசியாகக் குடித்த பாலும் உள்ளேயே காய்ந்திருந்தது. அதைச் சீவிப் போட்டால் எந்தப் பாலும் உறையும்.

உடனே சொல்லவில்லை. அத்தையும் சித்தப்பாவும் பார்க்க வரும் ஞாயிறு வரை காத்திருந்தேன். நீ கரண்டியை நீட்டினாய்.

"அம்மா, அது அத்திப்பால் இல்லீங்க. செம்மறிக் குட்டிய அறுத்து எடுத்த வயிறு" என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா நிதானமாக விழுங்கி முடித்தாள்.

"மொத நாளே எங்கிட்டச் சொல்லிட்டான் சாமி. நாந்தான் உங்கிட்ட அத்திப்பால்னு சொல்லச் சொன்னேன். நீ ஊரைக் கூட்டுவீன்னு தெரியும்."

சித்தப்பா சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. "உடுங்கம்மா, பாவம் அவன்" என்றாய். அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்காக உன்னை நான் மன்னிக்கவே போவதில்லை.

அடுத்த மாதம் பட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தாய். எனக்கு அழுகை வரவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாமென்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். மறுநாள் காலை அவள் உன்னைக் கேட்டாள். கஞ்சியை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கறி வெட்டும் கடைப்பக்கமே போகாத நான் பட்டிக்குப் போய் அந்த இரைப்பையை ஆணியிலிருந்து எடுத்தேன். பிளேடால் சீவித் தண்ணீரில் கரைத்தேன். கல்லூரி ஆய்வகத்தின் வெப்பமானியை அண்டாவில் தொங்கவிட்டேன். இரண்டு முறை பாலைக் கெடுத்தேன். மூன்றாவதில் உறைந்தது; தெளிநீரைக் காய்ச்சியதும் நொரைக்கட்டி திரண்டது.

"அண்ணன் குடுத்து உட்டாருங்க. ஆடு குட்டி போடற நேரம், வர முடியலையாம்."

வாயைத் திறந்தாள். சப்புக்கொட்டினாள். "பெரியவன் பக்குவமே தனி. உனக்கெல்லாம் இது வருமா?" என்றாள் என்னிடம். அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

இருபத்து மூன்று நாள் அப்படி ஊட்டினேன். தினமும் உண்மை நுனி நாக்கு வரை வந்தது. சொன்னால் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

கடைசி நாள் இரண்டு கரண்டிதான் இறங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவங்கிட்டச் சொல்லு சாமி, இன்னிக்கு ரொம்ப நல்லா வந்திருந்துச்சுன்னு" என்றாள்.

அவள் உனக்கென்று என்னிடம் கொடுத்தனுப்பிய கடைசிச் சொல் அது. இன்றுவரை என்னிடமே இருக்கிறது. உனக்குத் தரமாட்டேன். அன்று செய்தது நான்.