மணக்காத சுங்கான்

கண்ணாடிக் கடை
திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது.

இங்கே என் கால் எலும்பைத் தவிர மற்ற எல்லாம் நலம். மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் நாளாகும் என்கிறார்கள். கடையில் ஒரு முக்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைக் காட்ட வருகிறவர்கள் முதலில் என் காலைப் பார்த்து விசாரித்துவிட்டுத்தான் கண்ணாடி கேட்கிறார்கள். என் வீட்டுக்காரிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. மனுஷன் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அதுவே போதும் என்கிறாள்.

தங்கை உங்கள் மகள் வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தலை நிற்கும்வரை அவள் திரும்பப் போவதில்லை. அதுவரை நீங்கள் தனிக்காட்டு ராஜா. அவள் கிளம்பிய கையோடு குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டை வீங்கிவிட்டது என்றீர்களே, வீக்கம் வடிந்ததா? உங்கள் மண்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, தரைக்குத்தான் என்ன ஆனதோ. தங்கையிடம் சொல்லக் கூடாது என்றீர்கள். சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிகரெட்டை விட்டுவிட்டு நான் அனுப்பிய சுங்கானுக்கு, அந்தப் புகைக்குழாய்க்கு, நீங்கள் மாறியதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் வாயில் சூடுதான் வருகிறது, ருசி என்று ஒன்றும் வரவில்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எழுதி என் மானத்தை வாங்கிவிட்டீர்கள். புதிதாகப் பிடிக்கிற எல்லாருக்கும் வருகிற தொல்லைதான் அது. சிகரெட் பழக்கத்தில் ரயில் எஞ்சின் மாதிரி இழுக்கிறீர்கள், வேறென்ன.

டப்பாவிலிருந்து எடுத்த புகையிலை ஈரமாக இருக்கும். அப்படியே அடைத்தால் புகை வராது, ஆவிதான் வரும். ஒரு காகிதத்தில் பரப்பிக் கொஞ்சம் ஆறவிடுங்கள். விரலில் ஒட்டக் கூடாது, அதற்காகப் பொடியாக நொறுங்கவும் கூடாது. சுங்கானின் குழியில் அடியில் தளர்வாகப் போட்டு, மேலே போகப்போகக் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள், காற்று தடையில்லாமல் வர வேண்டும். முதல் தடவை பற்றவைத்ததும் புகையிலை உப்பிக்கொண்டு மேலே வரும். மெல்ல அமுக்கிவிட்டு மறுபடி பற்றவையுங்கள். அப்புறம் சூடான காப்பியை உறிஞ்சுகிற மாதிரி, அவசரமே இல்லாமல். அணைந்தால் அணையட்டும், யாரும் உங்களை விரட்டவில்லை.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மெதுவாக மூக்கு வழியே விடுங்கள். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு என்பதோடு நாக்கின் கணக்கு முடிந்துவிடும். மற்ற ருசி எல்லாம் மூக்கில்தான் இருக்கிறது. உங்களுக்கா நான் மூக்கைப் பற்றிச் சொல்லித் தருவது? அவ்வளவு பெரிய கேஸ் சிலிண்டர் கிடங்கில் எந்த மூலையில் எந்த வால்வு கசிகிறது என்று நுழைந்த உடனே சொல்கிற ஆள் நீங்கள். ஊரே மூக்கர் என்று கூப்பிடுகிறது. கசிவு காட்டும் மீட்டர் கெட்டுப்போயும் மேலிடத்தில் புதிது வாங்கவில்லை, மூக்கர் இருக்கும்போது மீட்டர் எதற்கு என்கிறார்கள் என்று போன தடவை நீங்களே மீசையை முறுக்கிக்கொண்டீர்கள். அந்த மூக்குக்குப் புகையிலையின் மணம் தப்பவே தப்பாது.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறோம் என்று பட்டினி கிடக்க வேண்டாம்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்
மச்சான்


கண்ணாடிக் கடை
வியாழக்கிழமை

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மண்டை வீக்கம் வடிந்துவிட்டது என்று அறிந்து சந்தோஷம். என் கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் கம்பி ஒன்றை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்கிறேன். இது என் வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் இன்னொரு காலையும் உடைத்துவிடுவாள்.

நான் சொன்னபடியே செய்து, நாக்கு எரிச்சல் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஆனால் இப்போதும் வெந்நீர் குடிப்பது போலத்தான் இருக்கிறது, மூக்கு வழியே விட்டாலும் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நான் அனுப்பியது செர்ரிப் பழ வாசனை போட்ட புகையிலை. அந்த டப்பாவைத் திறந்தால் என் கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

யோசித்துப் பார்த்தேன். குற்றம் உங்கள் அறையில் இருக்கிறது. சமையலறையை ஒட்டிய அந்தக் கூடத்தில் எதிரும் புதிருமாக ஜன்னல்கள். காற்று வீசினால் நெருப்பு வேகமாகப் பிடிக்கும், புகையிலை வெந்துபோகும், இருக்கிற மணமும் வெளியே பறந்துவிடும். பிடிக்கிற நேரத்தில் எல்லா ஜன்னலையும் சாத்துங்கள். இன்னொன்று, வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு பிடிக்காதீர்கள். நாக்கு மரத்திருக்கும். சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்ததும், பசிக்கிற நேரத்தில் பிடியுங்கள். அப்போதுதான் நாக்கும் மூக்கும் கூர்மையாக இருக்கும். பிடித்து முடித்ததும் தண்டுக்குள் துடைப்பான் விட்டு ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது, வழிந்த பால் சூட்டில் கரிந்தபோதும் நீங்கள் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று படித்துச் சிரித்தேன். தங்கை இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, கேஸ் நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று கத்தினாரே, மூக்கர் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு எவ்வளவு தைரியம். ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது, எனக்கே ஒன்றும் வரவில்லை, உங்களுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதும் திரும்பிப் போய்விட்டாராமே. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மச்சான்


கண்ணாடிக் கடை
புதன்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இந்தத் தடவை உண்மையாகவே கோபமாக எழுதுகிறேன். என்னிடம் இருப்பதிலேயே காரமான புகையிலையை அனுப்பினேன். விறகுப் புகையில் வாட்டியது அது. அதைப் பிடித்த அன்று என் வீட்டுக்காரி என்னைப் படுக்கையறைக்குள் விடமாட்டாள். அதற்கும் மணமில்லை என்று எழுதினால் நான் என்ன செய்வது?

அந்தப் பொட்டலத்தோடு வைத்த சீட்டில், மூக்கை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு நீங்கள் எழுதிய பதிலை இரண்டு தடவை படித்தேன். காப்பிப் பொடியிலும் கலப்படம், சோப்பிலும் வாசனை இல்லை, ரொட்டிகூட அட்டை மாதிரி இருக்கிறது, காலம் கெட்டுவிட்டது என்கிறீர்கள். காலம் கெட்டிருக்கலாம். எல்லாக் கடைக்காரரும் ஒரே மாதத்திலா கெட்டுப்போவார்கள்? உங்களுக்கு ஜலதோஷம் இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஜன்னலைச் சாத்தியதோடு நிற்காமல் இடுக்குகளிலும் துணி அடைத்துவிட்டேன், இராப்பகல் அப்படியேதான் இருக்கிறது, மச்சான் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை நான் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஏனோ மனசுக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை. பிடிக்கிற நேரத்துக்கு மட்டும்தான் சொன்னேன். மற்ற நேரத்தில் திறந்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டீர்களாம். அதுவும் வேண்டாம். தனியாக இருக்கும்போது ஒரு மனுஷர் கூப்பிடு தூரத்தில் இருப்பது நல்லது.

இதற்கு உடனே பதில் போடுங்கள்.

மச்சான்


கண்ணாடிக் கடை
சனிக்கிழமை, நண்பகல்

அன்புள்ள மாப்பிள்ளை,

இதை உங்கள் கையில் கொடுப்பது என் வீட்டுக்காரி. அவளைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று பயப்படாதீர்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்று இதைப் படியுங்கள். உள்ளே போக வேண்டாம். சுங்கான் கையில் இருந்தால் கீழே வையுங்கள், தீப்பெட்டியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

காலையில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். சட்டம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே, உங்கள் சுங்கான் கதையைத் தமாஷாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜலதோஷம் உண்டா என்றார். போன கடிதத்தில்தான் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன். இனிப்பும் உப்பும் தெரிகிறதா என்றார். தெரிகிறது, மற்றதெல்லாம் வெந்நீர் என்கிறார் என்றேன். தலையில் அடிபட்டதா என்று கேட்டார் மாப்பிள்ளை. நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவராகக் கேட்டார். பின்மண்டையில் என்று நான் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

பின்மண்டையில் அடிபட்டால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்துபோவது உண்டாம். வீக்கம் வடியும், வலி போகும், மணம் மட்டும் திரும்பாது. அடிபட்டவருக்கே அது தெரியாது, சாப்பாடு சரியில்லை, சாமான் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு இருப்பாராம். நீங்கள் எழுதியது அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்தது. உங்கள் புகையிலையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பிடித்த விதத்திலும் குறை இல்லை.

அவர் அப்படியே விட்டிருந்தால் நான் வருத்தப்பட்டதோடு போயிருக்கும். கடைசியில், உங்கள் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்றார். சொன்னேன். அதைச் சொல்லும்போதே கரிந்த பால், ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர், அடைத்த ஜன்னல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வந்து நின்றன. கேஸ் நாற்றம் என்று அந்த மனுஷர் கத்தியது உண்மை மாப்பிள்ளை. அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்ததால் பிழைத்தீர்கள். அதைச் சாத்தச் சொன்னவன் நான்.

உடனே கிடங்குக்குப் போன் போட்டேன். உங்கள் உதவியாளர் எடுத்தார். சனிக்கிழமை அரை நாள்தானே, மூக்கர் காலையிலேயே வந்து சுற்றிப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிட்டாருங்க என்றார். நீங்கள் ஒரு தடவை மோந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். நாள் பூரா இதுக்குள்ளயே கிடக்கிறோம், எங்களுக்கெல்லாம் மரத்துப்போச்சு, அதுக்குத்தானே அவரு இருக்காரு என்கிறார். உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். விலாசத்தைச் சொன்னதும், மூக்கர் வீடா, கேஸ் கசிஞ்சா என்ன பண்ணணும்னு எங்களுக்கே வகுப்பு எடுத்தவராச்சே, அவர் கூப்பிடட்டும் வர்றோம் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்க உங்கள் மூக்கை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறது. நீங்களும் அதைத்தான் நம்பிக்கொண்டு இருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்கும் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றப் போனபோது டாக்டர் என் கையைப் பிடித்துவிட்டார். உள்ளே கேஸ் நிறைந்திருந்தால் போன் மணியில் வருகிற சின்னப் பொறி போதுமாம். அதற்குப் பிறகு நான் போனைத் தொடவில்லை.

இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் பஸ் ஏற முடியாது. நான் போகிறேன் என்று இவள் கிளம்பினாள். வாயால் சொன்னால் உங்கள் மாப்பிள்ளை சிரிப்பார், உங்கள் கையெழுத்தில் கொடுங்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன். அழைப்பு மணியை அழுத்தாதே, கையால் தட்டு என்று சொல்லியிருக்கிறேன். தட்டுவதற்கும் முன்னால் கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். நாற்றம் வந்தால் தட்டாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் வருவார், பேசாவிட்டாலும் வருவார்.

நீங்கள் பழையபடி சாப்பாடு முடித்துப் பிடிக்கிறவராக இருந்தால் எனக்கு இவ்வளவு பதைப்பு இருக்காது. சாயங்காலம் பசிக்கிற நேரத்தில் பிடியுங்கள் என்று அந்த நேரத்தையும் நான்தான் மாற்றிவைத்தேன். பஸ்ஸும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் வரும். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், சீக்கிரம் முடியுங்கள் என்கிறாள்.

முடிக்க மனசு வரவில்லை மாப்பிள்ளை. இந்த வரிக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றால், வாசலில் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு அது போதும். மச்சானுக்குப் பைத்தியம் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சிரியுங்கள். என்னைத் திட்டி எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு ஜன்னல்களைத் திறந்து சிலிண்டரை மூடச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கிடங்குக்குப் போய், என் மூக்கை நம்பாதீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மணம் திரும்ப வராவிட்டால் போகிறது. பேரப்பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள மூக்கு வேண்டாம், நீங்கள் இருந்தால் போதும். தங்கைக்கு நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று இவள் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எழுத வேண்டும்.

நல்லபடியாக இருங்கள் மாப்பிள்ளை. வாசலிலேயே இருங்கள்.

உங்கள்
மச்சான்