கிழநரியின் டிராக்டர்

ஜனவரி 6

என்ன டைரியாரே, சௌக்கியமா? கிறிஸ்துமஸுக்கு அப்புறம் உன்னைத் தொடவே இல்லை. வெளியே முழங்கால் வரை பனி. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு குளிர்காலம் நீண்டுபோச்சு. அதனால்தான் கணினியில் அந்த விவசாய விளையாட்டு. அதில் பக்கத்து வயல்காரன் கிழநரி. உண்மைப் பெயர் தெரியாது. குரலும் கேட்டதில்லை. விளையாட்டுக்குள்ளேயே ஒன்றிரண்டு வரி எழுதிக்கொள்வோம். ஆனாலும் போன குளிர்காலத்திலிருந்து அவனோடுதான் சோளம் அறுக்கிறேன்.

என் மனைவி ஆர்டித் சொல்கிறாள்: "நெஜ டிராக்டர வித்துட்டுப் பொய் டிராக்டர் ஓட்டுற ஆளு நெப்ராஸ்காவுலயே நீ ஒருத்தன்தான்யா."

அவள் அப்பா கோழிக்கூண்டில் ரேடியோ வைத்தவர். பாட்டு கேட்டால் முட்டை பெரிசாகுமாம். ஆகவில்லை. எதற்குச் சொல்ல வந்தேன்? மறந்துவிட்டது.

ஜனவரி 7

மத்தியானம் கிழநரி எழுதினான்: "நெஞ்சுல கன்னுக்குட்டி ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. இரு, வரேன்."

வரவில்லை. அவன் டிராக்டர் சோளத்துக்கு நடுவே விளக்கெரிய நிற்கிறது.

ஜனவரி 8, காலை

இன்னும் அங்கேயே நிற்கிறது. "டேய், இருக்கியாடா?" என்று எழுதினேன். பதில் இல்லை.

யாரைக் கூப்பிடுவது? பெயர் தெரியாது, ஊர் தெரியாது. போலீஸிடம் என்ன சொல்ல, நரியைக் காணோம் என்றா?

விளையாடுகிறவர்கள் கூடிப் பேச ஒரு அரட்டைக் குழு இருக்கிறது. அதில் சேர அவன் எப்போதோ இணைப்புச் சுட்டி அனுப்பினான். "யாரும் கடிக்க மாட்டாங்க, வாய்யா." பயந்துகொண்டு நான் போகவே இல்லை.

அதே நாள், மத்தியானம்

குழுவில் சேரப் போனேன். பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, மைக்கைத் திறக்கவா என்றது. ஐயோ, வேண்டாம்! உள்ளே போனால் எல்லா அறையும் பூட்டு. விதிகளைப் படித்துவிட்டு அடியிலிருக்கும் பச்சைக் குறியைத் தொட்டால்தான் திறக்குமாம். அது தெரியாமல் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றேன். அங்கே ஒருத்தன் என்ன ஆனானோ, இங்கே நான் விதி படிக்கிறேன்!

"காளை முட்ட வந்தப்பகூட நகராத ஆளு, இதுக்கா இப்படி வேர்க்குது?" என்றாள் ஆர்டித்.

திறந்தது. ஒருவரைக் கூப்பிட, பெயருக்கு முன்னால் @ என்று ஒரு சுழிக்குறி போடவேண்டும். போட்டேன். பெயர்கள் வரிசையாக விழுந்தன. பதற்றத்தில் முதலில் இருந்ததைத் தொட்டுவிட்டு எழுதினேன்: "நெஞ்சு வலி எப்படி இருக்கு? உசுரோட இருக்கியா, சொல்லித் தொலை."

முதலில் இருந்தது கிழநரி இல்லை. 'எல்லோரும்'. குழுவில் இருக்கும் அத்தனை பேர் ஃபோனும் ஒன்றாக அலறியிருக்கிறது.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு பெரியவரே, உங்களுக்கு?"

"மீட்டிங்ல மானம் போச்சுய்யா!"

"எவன்டா இவன்? தூக்கி வெளிய போடுங்க."

குழுவை நடத்தும் டீசல் ராணி வந்தாள். "எல்லாரையும் கூப்பிடுறது ஆபத்துக்கு மட்டுந்தான். விதியெல்லாம் படிச்சீங்களா இல்லையா?"

முகம் எரிந்தது. மூடிவிட்டு ஓடிவிடலாமா? ஓடினால் அவனுக்கு யார் இருக்கா? நடந்ததை எழுதினேன். டிராக்டர் நிற்பதையும் எழுதினேன்.

கேலி நின்றது. பிறகு டீசல் ராணி: "போட்டியில ஜெயிச்சதுக்கு அவருக்குத் தொப்பி அனுப்பினேன். விலாசம் எங்கிட்ட இருக்கு. உங்களுக்குத் தரமுடியாது. அந்த ஊர் போலீஸ் ஷெரிஃபை நானே கூப்பிடுறேன். இருங்க."

இருக்கிறேன். கடவுளே.

ஜனவரி 9

கதவை உடைத்தார்களாம். அடுப்படித் தரையில் கிடந்தானாம். மூச்சு இருந்ததாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 11

தகவல் இல்லை. பிழைப்பானா? இப்படியே விட்டால் அவன் சோளம் வீணாகும். அறுக்கப் போனேன். டீசல் ராணியும் வந்தாள். என்னை வெளியே போடச் சொன்னவனும் வண்டியோடு வந்தான். கிழநரியின் டிராக்டரை மட்டும் நகர்த்தாமல், சுற்றி அறுத்தோம்.

ஜனவரி 12

ஒன்றுமில்லை.

ஜனவரி 24

இன்று குழுவில் குரலிலேயே பேசும் அறைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று டீசல் ராணி உத்தரவு. ஏன் என்று சொல்லவில்லை. நல்ல சேதியா, கெட்ட சேதியா? ஆர்டித் மைக்கை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அறையில் காத்திருக்கிறேன். பயத்தைப் போக்க உனக்கு ஒன்று சொல்கிறேன், டைரியாரே. எங்கள் ஊர் தபால்காரர் நாய்க்குப் பயந்து கூரையில் ஏறினார். ஏணியை எடுக்க மறந்துவிட்டார். அந்த நாயும் ஏணியில்

யாரோ இருமுகிறார்கள். கேட்டறியாத குரல், குளிரில் கிளம்பும் பழைய எஞ்சின் மாதிரி:

"யோவ், சோளத்தையெல்லாம் அறுத்துட்டு என் டிராக்டர ஏன்யா நட்ட நடுவுல விட்டு வச்சிருக்கீங்க? பேசுய்யா, இருக்கியா?"

இரு டைரி, மைக்கைத் திறந்துவிட்டு