வெளியூர்ப் பேச்சாளர்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டாய், அதனால் அதை மறுபடி கேட்கவில்லை. போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் சாப்பாடு, தூக்கம், வெயில் எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிட்டு "வேற என்ன?" என்ற இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறோம். நீ "வேற ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க" என்கிறாய். நான் "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்கிறேன். பிறகு வைத்துவிடுகிறோம். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் நம் பொறியியல் புலத்துச் செய்திகள். நீ ஆராய்ச்சி வேலைக்கென்று நீண்ட விடுப்பில் போயிருந்தாலும் ஆசிரியர் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. ஆகவே இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது உன் கடமை.

கம்பிகளை இழுத்து அறுத்துப் பார்க்கும் அந்தப் பெரிய இயந்திரம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. வாங்குவதற்குக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள், ஆய்வகத்துக் கதவை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவரை இடித்து உள்ளே தள்ளினார்கள். டீன் ரிப்பன் வெட்டினார், கை தட்டினோம். இயந்திரம் ஓடவில்லை. அதற்கான மின் இணைப்புக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஆனால் புலத்தின் செய்திப் பக்கத்தில் 'செயல்பாட்டுக்கு வந்தது' என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் எல்லாரும் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நான் தூணுக்குப் பின்னால் இருக்கிறேன். தோளும் பாதிச் சட்டையும்தான் தெரியும். நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை.

இன்னொரு செய்தி, என் தலையில் கட்டிய செய்தி. வியாழக்கிழமைச் சொற்பொழிவுகளுக்கு இனி நான்தான் ஒருங்கிணைப்பாளர். கூட்டத்தில் டீன் யார் செய்வது என்று கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வீடு தூரம். கடைசியில் டீன் என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சாயங்காலம் வீட்ல ஒரு வேலையும் இல்லையே சார்" என்றார். நல்ல மனிதர்தான், குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான். சரி என்றேன். அன்று முழுவதும் அந்த வார்த்தை மனதைவிட்டுப் போகவில்லை.

சொற்பொழிவு என்றால் பெரிதாக நினைக்காதே. போன வாரம் பேட்டரியைப் பற்றிப் பேச ஒருவர் வந்தார். அரங்கு காற்றாடியது. முன்வரிசையில் நான், பின்வரிசையில் பிஸ்கட்டுக்காக வந்த நாலைந்து மாணவர்கள். பேச்சு முடிந்ததும் யாராவது கேள்வி கேட்காவிட்டால் பேச வந்தவர் முகம் வாடிப்போகும். அதற்காக எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கேள்வி தயாராக வைத்திருக்கிறேன்: "இதையே பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும்?" பேச வருகிறவர்கள் அத்தனை பேரும் "அருமையான கேள்வி" என்கிறார்கள். பையன்களுக்கு இது மனப்பாடம் ஆகிவிட்டது. நான் எழுந்ததும் பின்னாலிருந்து அவர்களும் சேர்ந்து முணுமுணுக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதத்துப் பேச்சாளர்களை முடிவு செய்யக் குழு கூடியது. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். உன் அறையைத் தற்காலிகமாக அவருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். துறுதுறுவென்று இருப்பார். அவர் ஒரு கட்டுரையை எடுத்துப் போட்டார். "பூமிக்கு அடியில போற குழாய் எங்க கசியுதுன்னு சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கிறாங்க சார், பிரமாதமான வேலை. படிச்சதெல்லாம் நம்ம ஊர்லதான் போலிருக்கு. இங்க யாருக்காவது அவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். டீன் கண்ணாடியைத் துடைத்தார். நான்தான், "தெரியும், நானே எழுதறேன்" என்றேன். கூட்டம் முடிந்ததும் யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஓடி வந்து, "மன்னிச்சிருங்க சார், சத்தியமா தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் என்ன தப்பு? இங்கே இத்தனை மாதம் என்னோடு டீ குடித்த ஒருவருக்கு எனக்கு மனைவி இருப்பதே தெரியாதபடி நான் இருந்திருக்கிறேன்.

ஆகவே உன்னைப் பேச அழைக்கிறோம். முறையான அழைப்பு மின்னஞ்சலில் வரும். அதில் 'தாங்கள்', 'தங்கள்' எல்லாம் இருக்கும், சிரிக்காதே.

வீட்டில் சொல்லும்படி ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்க உன் ஆராய்ச்சி தேவைப்படவில்லை, வாளி நிரம்பி வழிந்ததில் தெரிந்துகொண்டேன். எதிர்வீட்டம்மா இன்னும் உன்னை ஊசி போடுகிற டாக்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். "டாக்டரம்மா எப்ப வருவாங்க, முழங்கால் வலி தாங்கல" என்று கேட்கிறார். வந்ததும் சொல்கிறேன் என்று சமாளித்து வைத்திருக்கிறேன். சமையல் ஒரு வேளைதான். ஒருவனுக்கு என்று அளந்து வைக்க இன்னும் கை பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது. ஆள் பேச்சு கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னாயே, அதைப் பற்றி. அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அங்கே கையெழுத்துப் போட்டால் இங்கே ராஜினாமா எழுத வேண்டும், வேறு வழியில்லை. நான் "நல்ல விஷயம்தான்" என்றேன். நல்ல விஷயம்தான். அந்த ஆய்வகமும் ஆட்களும் இங்கே உனக்குக் கனவில்கூடக் கிடைக்காது. இயந்திரம் வாங்கிவிட்டு மின் இணைப்புக்கு அலைகிற இடம் இது. நன்றாக யோசித்து முடிவு செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மறுபடியும் நான்தான். உன் பதில் வந்து சேர்ந்தது. எனக்கு இல்லை, சொற்பொழிவுக் குழுவுக்கு. 'மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னிடம் இவ்வளவு மரியாதை நான் வாங்கியதில்லை. தலைப்பு, பேச்சின் சுருக்கம், உன்னைப் பற்றிய குறிப்பு, புகைப்படம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. வியாழக்கிழமை காலை வருவதாகவும் வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஒரே ஒரு ராத்திரி.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அதைப் பற்றிப் பேசுவாய் என்று நான் காத்திருந்தேன். நான் பேசுவேன் என்று நீ காத்திருந்தாயோ என்னவோ. இரண்டு பேரும் வெயிலைப் பற்றியே பேசிவிட்டு வைத்தோம். என் கடிதம் கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை நான். கேட்டால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டி வரும் என்று பயம்.

சுவரொட்டி தயார். லிஃப்ட் பக்கத்திலும் நூலக வாசலிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய பிறகுதான் அதிலிருந்த உன் படத்தை நின்று பார்த்தேன். நீ கண்ணாடி மாற்றியிருக்கிறாய். முடியையும் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்டாட்டி முடி வெட்டிக்கொண்டதை ஊரே பார்க்கிற சுவரில், லிஃப்டுக்குக் காத்திருக்கிற மாணவர்களோடு சேர்ந்து நின்று தெரிந்துகொள்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபம் வந்தது. கோபம் போனதும் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. படியேறியே அறைக்குப் போனேன்.

மேடையில் உன்னை அறிமுகப்படுத்தப் போவது நான் இல்லை. "நீங்க பேசினா அது வீட்டுப் பேச்சாயிடும் சார்" என்று டீன் சிரித்துக்கொண்டே அந்த வேலையைப் புது விரிவுரையாளரிடம் கொடுத்துவிட்டார். அவர் என்னிடம் வந்து, "மேடத்தைப் பத்தி சுவாரசியமா ஏதாவது சொல்லுங்க சார், மேடையில சொல்றேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். பேப்பர் படிக்கும்போது செய்தியைத் திட்டிக்கொண்டே படிப்பாய். கணக்கு ஒத்துவராவிட்டால் அலமாரியை அடுக்க ஆரம்பிப்பாய். தலைவலி வந்தால் யாரும் விளக்குப் போடக் கூடாது. எனக்கு நிறையத் தெரிந்திருந்தது, ஒன்றுகூட மேடைக்கு ஆகாது. குறிப்பில் இருப்பதை வாசித்தால் போதும் என்று அனுப்பிவிட்டேன். போகும்போது அவர் தயங்கித் தயங்கி, "மேடம் திரும்பி வந்துட்டா நான் ரூமைக் காலி பண்ணணும் இல்லையா சார், இப்பவே சொன்னீங்கன்னா வேற ரூமுக்கு எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார். அவர் கவலை அவருக்கு. எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

இதையெல்லாம்விடப் பெரிய சங்கடம் அலுவலகத்தில் வந்தது. நம் சூப்பரின்டெண்ட் அம்மா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும், ஒரு காகிதத்தைப் பாதியில் விடமாட்டார். வெளியூரிலிருந்து வரும் பேச்சாளருக்கு விருந்தினர் விடுதியில் அறை உண்டு, உள்ளூர்க்காரருக்குக் கிடையாது. தேர்வு வேலைக்கு வெளியாட்கள் வருகிறார்கள், விடுதி நிரம்பிவிடும், இந்த வாரமே சொல்லியாக வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "சார், மேடத்தை எதுல போட? வெளியூரா, உள்ளூரா?" என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி, "கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கேட்டே சொல்லுங்க சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். எப்படிக் கேட்பது? 'உனக்கு எங்கே வசதிப்படும்' என்றால் எவனோ ஒருவன் கேட்கிற மாதிரி இருக்கிறது. 'வீட்டுக்கு வருவாய் அல்லவா' என்றால் மிரட்டுகிற மாதிரி இருக்கிறது. நீ விடுதி என்று சொல்லிவிட்டால், போனில் நான் என்ன பதில் சொல்வேன்? "சரி, நல்ல விஷயம்தான்" என்பேன். என்னை எனக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் உன்னைக் கேட்காமலே அலுவலகத்துக்குப் போனேன். "ரூம் போட வேண்டாம். வீட்லதான் தங்குவாங்க" என்றேன். அந்த அம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். துணிந்து சொல்லிவிட்டேனே தவிர, அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இது பிடிக்காமல் போகலாம். அப்படியானால் ஒரு வரி எழுது, திரும்பவும் போய் அந்த அம்மா எதிரில் நின்று மாற்றச் சொல்கிறேன். நின்றுவிடுவேன், ஆனால் என்னை அங்கே நிறுத்தாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொல்லி நான் எழுதவில்லை. நீ அங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், போடு. ஆனால் அதைப் பேச்சு முடிந்து டீன் கை குலுக்கும்போது அவரிடம் சொல்லாதே. எனக்குப் போனில் சொல்லாதே. மின்னஞ்சலில் சொல்லவே சொல்லாதே. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொல். அழுதாலும் சண்டை போட்டாலும் நாம் இரண்டு பேராகச் செய்துகொள்ளலாம். இங்கே தனியாக இருந்துகொண்டு எல்லாவற்றையும் நானே கேட்டு நானே பதில் சொல்லி அலுத்துவிட்டது.

இந்த இரண்டு வருஷத்தில் எப்போது வருகிறாய் என்று உன்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். லீவு கிடைக்குமா, டிக்கெட் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் உன் காலைக் கட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

நீ எந்த ஊரில் இருந்தாலும், எந்த முடிவை எடுத்தாலும், உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உனக்காகக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்