தார் ரோட்டில் மீன் பெட்டி சுமந்த மதினிக்கு

மதினி,

காலையிலிருந்து தார் காய்ச்சுகிற வாசனை. எங்கள் மாதா கோவிலுக்குப் போகிற கடற்கரைச் சாலையில் பீப்பாயை நிறுத்தி, அடியில் விறகைத் தள்ளி எரித்துக்கொண்டிருக்கிறார்கள். குசினியிலும், துவைத்துப் போட்ட துணியிலும் அந்தப் புகை ஏறிவிட்டது. தெருவே சந்தோஷமாக வேடிக்கை பார்க்கிறது. எனக்கு மட்டும் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உலையில் அரிசி போட்டேனா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு மழைக்காலம் முழுசாக முடியவில்லை. இருந்திருந்தால் இந்நேரம் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று மேஸ்திரியைக் கேள்வி கேட்டே வாட்டி எடுத்திருப்பீர்கள்.

பஜார் ரோட்டுக்குத் தார் போட்டபோதும் இதே வாசனைதான். அப்போது உலகச் சண்டை முடிந்திருந்தது. மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட லாரிகளை ஊரில் வசதியுள்ளவர்கள் வாங்கி, உப்பும் பஞ்சும் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். உங்கள் கொழுந்தனும் வாங்கினார். அதுவரை கப்பி ரோட்டில் மாட்டு வண்டியோடு மாட்டு வண்டியாக ஊர்ந்துகொண்டிருந்த லாரிகள், தார் காய்ந்ததும் ரயில்வே கேட்டிலிருந்து துறைமுகம் வரை பறந்தன. ஊருக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும்தான்.

பெண்களுக்கு ஓர் இடம் என்று சர்க்கார் உங்களை முனிசிபாலிட்டிக்கு நியமித்ததும் அந்தச் சமயத்தில்தான். படித்த பெண், பெரிய கடைக்காரர் வீட்டு மருமகள், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்திருப்பார்கள். தப்பான ஆளைப் பிடித்துவிட்டார்கள். சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார உங்களால் ஆகாது. எதிர்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் காபியைக்கூட நின்றுகொண்டே குடிப்பீர்கள். "உக்காருங்க மதினி" என்றால், "உக்காந்தா தூக்கம் வருதுளா ரோசம்மா" என்பீர்கள்.

கூட்டம் முடிந்ததும் நேரே எங்கள் குசினிக்குத்தான் வருவீர்கள். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு விளக்கு, யார் மேசையைத் தட்டினார், யார் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார் என்று ஆள் ஆளாக நடித்துக் காட்டுவீர்கள். என் வீட்டுக்காரர் கொழும்புக்குத் தோணி ஏறிப் போயிருக்கிற நாட்களில் எனக்கு அதுதான் பேச்சுத் துணை. நான் சிரித்துச் சிரித்து மீன் குழம்பைத் தீய விட்டிருக்கிறேன்.

சூசையம்மா செத்த அன்று நீங்கள் நடித்துக் காட்டவில்லை.

நம் இரண்டு வீட்டுக்கும் மீன் கொண்டுவந்தவள் அவள். தலையில் பெட்டியோடு பஜார் ரோட்டில் வந்துகொண்டிருந்தவளை உப்பு லாரி ஒன்று பின்னாலிருந்து அடித்துவிட்டது. சத்தம் கேட்டு நாம் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் யாரோ அவள் மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். அவள் மகள் ராக்கினி சிதறிக் கிடந்த மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. நாம் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.

அதற்கு அடுத்த கூட்டத்தில் முனிசிபாலிட்டி ஒரு தீர்மானம் போட்டது. மீன் பெட்டி சுமக்கிற பெண்கள் இனிமேல் பஜார் ரோட்டில் நடக்கக் கூடாது. கடலோர மணல் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் ஒருவர்தான் எதிர்த்துக் கை தூக்கியிருக்கிறீர்கள்.

அன்று குசினிக்குள் வந்தவர் அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தீர்கள். "ஹாரன் அடிச்சானாம், இவ ஒதுங்கலையாம். நடு ரோட்டுல ஆடி அசைஞ்சு போனாளாம். செத்தவ மேல குத்தம் சொல்லுதாவ ரோசம்மா. எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டால்லா, அந்தத் தைரியம்."

"மணல் வழியா சுத்திப் போனா மீன் வெயில்ல கெட்டுப் போவுமே மதினி. யாரு வாங்குவா?" என்றேன்.

"அத நான் சொன்னேன். அப்போ வியாபாரத்த விட்டுட்டு வேற வேல பாக்கட்டும்ங்காவ."

மறுநாள் காலையில் உங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். ஓலைப்பெட்டியில் ஈர மணலை நிரப்பி வைத்திருந்தீர்கள். சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னீர்கள். பின்னால் ஏதாவது ஒரு பக்கம் நின்று நான் கை தட்ட வேண்டும். நீங்கள் ஒதுங்க வேண்டும். தட்டினேன். நீங்கள் உடம்போடு சுற்றினீர்கள், கால் பின்னியது, கிணற்றுச் சுவரில் போய் இடித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் தட்டச் சொன்னீர்கள். மறுபடியும். கடைசியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"கழுத்து திரும்பலளா. என்னன்னு பாக்கணும்னா மொத்த உடம்பையும் திருப்பணும். திருப்பி முடியுததுக்குள்ள லாரி வந்துரும்."

இதைக் கூட்டத்தில் சொல்லப் போய்த்தான் எல்லோரும் சிரித்தார்கள். "அம்மா நாடகத்துல சேரலாம்" என்று ஒருவர் சொன்னாராம். நீங்கள் விடவில்லை. "வெள்ளிக்கிழமை காலைல ரயில்வே கேட் முக்குக்கு வாங்க. நானே பெட்டி சுமந்து வாரேன். பாத்துட்டு, அப்பவும் இந்தத் தீர்மானம் சரின்னு தோணுனா வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வேதக்காரச் சனம் கறி தின்னாது, மீனுக்குக் கிராக்கி. அதைத் தெரிந்துதான் அந்தக் கிழமையைச் சொன்னீர்கள்.

உங்கள் வீட்டில் அன்று சாயங்காலம் கிளம்பிய சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது. உங்கள் கொழுந்தன் கத்தினார். "மீன் பெட்டியா மதினி? நம்ம குடும்பத்துப் பொம்பளையா? நாளைக்கு நான் பஜார்ல தலை நிமிந்து நடக்கவா வேண்டாமா? லாரிய நம்பித்தானே நான் பொழைக்கேன், அதுலயுமா மண்ணள்ளிப் போடணும்?" அண்ணாச்சி, உங்கள் வீட்டுக்காரர், ஒரு பேச்சும் பேசவில்லை. அந்த மௌனம்தான் உங்களை உலுக்கிவிட்டது. எங்கள் குசினிக்கு வந்து, என்றுமில்லாமல் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"பயமா இருக்குளா."

"அப்போ வேண்டாம் மதினி. விட்டுருங்க."

"பயமா இருக்குன்னுதான சொன்னேன். போகலன்னா சொன்னேன்?"

வெள்ளிக்கிழமை கேட் முக்கில் திருவிழாக் கூட்டம். மீன்காரப் பெண்கள் ஒரு பக்கம், பஜார்க்காரர்கள் ஒரு பக்கம். கவுன்சிலர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சேர்மன் குடை பிடித்துக்கொண்டு, வரக்கூடாத இடத்துக்கு வந்தவர் மாதிரி சரக்கு அடைக்கிற கிட்டங்கி நிழலில் ஒதுங்கி நின்றார். ராக்கினி சாளை மீன் நிறைந்த பெட்டியை உங்கள் தலையில் ஏற்றிவிட்டாள். "கைய விட்டுராதீயம்மா" என்று மட்டும் சொன்னாள். மீன் தண்ணீர் உங்கள் நெற்றியில் வழிந்து, ஜரிகைக் கரைச் சேலையில் இறங்கியது. யாரோ சீட்டியடித்தார்கள். நீங்கள் நடக்க ஆரம்பித்தீர்கள்.

நான் எதிர் ஓரமாக உங்களோடு நடந்தேன். "லாரி வந்தா கத்திராதளா. சூசையம்மாவுக்கு யாரும் கத்தல" என்று முதலிலேயே சொல்லியிருந்தீர்கள். மாதாவே மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் உயரமான கிட்டங்கிச் சுவர்கள். பின்னால் கேட்டைத் தாண்டி உப்பு லாரி ஒன்று வந்தது. ஹாரன் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. எந்தப் பக்கம் என்று எனக்கே புரியவில்லை. நீங்கள் இடது பக்கமாகச் சுற்றினீர்கள். அது தப்பான பக்கம். லாரிக்கு நேரே வந்துவிட்டீர்கள். நான் உங்கள் சொல்லை மீறிக் கத்தினேன். நீங்கள் கால் தடுக்கி விழ, பெட்டி பறக்க, லாரி தாரில் தேய்த்துக்கொண்டே வந்து நின்றது. முன் சக்கரம் சாளை மீன் மேல் ஏறியிருந்தது. மீனுக்கு இந்தப் பக்கம் நீங்கள் கிடந்தீர்கள்.

டிரைவர் குதித்து ஓடி வந்தார். அவர் உங்கள் கொழுந்தனின் டிரைவர். முகத்தைப் பார்த்ததும் கையைக் கூப்பிக்கொண்டு அழுதே விட்டார். "நம்ம வீட்டம்மாவா! சத்தியமா தெரியலம்மா! ஹாரன் அடிச்சேம்மா!"

நீங்கள் என் கையைப் பிடித்து எழுந்தீர்கள். முழங்காலில் ரத்தம், தலைமுடியில் செதில். டிரைவரின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நேரே சேர்மனிடம் போனீர்கள்.

"ஹாரன் கேட்டுச்சுய்யா. நல்லாவே கேட்டுச்சு. ஒதுங்கத்தான் முடியல. சூசையம்மாவுக்கும் கேட்டிருக்கும்."

 ராக்கினி ரோட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அம்மாவைப் புதைத்ததிலிருந்து வராத அழுகை அது. மீன்காரப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். சேர்மன் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார், அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார்.

பேசினார்கள். தீர்மானத்தை எடுத்துவிட்டார்கள். கேட் முக்கில் 'மெதுவாகப் போகவும்' என்று பலகை நட்டார்கள், காலை வேளையில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். மீன் பெட்டிகள் பஜார் ரோட்டில் திரும்பவும் வந்தன. ஊரார் உங்களுக்கு 'மீன் கவுன்சிலர்' என்று பேர் வைத்தார்கள். உங்கள் கொழுந்தன் பாகம் பிரித்துக்கொண்டு, முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினார். முனிசிபாலிட்டியில் உங்கள் காலம் முடிந்ததும் அந்த இடத்துக்கு வேறொரு அம்மாவைப் போட்டார்கள். அந்தம்மா எந்த வம்புக்கும் போகவில்லை.

நீங்கள் அழுது நான் பார்த்தது அந்தச் சுவருக்காகத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். ஆனாலும் கேட் முக்கை விடவில்லை. "போலீஸ்காரன் காப்பி குடிக்கப் போனா லாரி திரும்பப் பறக்குதுளா" என்று நீங்களே போய் நிற்பீர்கள். சுதந்திரம் வந்து கொடியேற்றிய அன்றும், மிட்டாய் வாங்கியவர்கள் கலைவதற்குள் சேர்மனைப் பிடித்து, கிட்டங்கி ஓரம் நடைபாதை எப்போது என்று கேட்டீர்கள். அந்த நடைபாதை இன்னும் வரவில்லை மதினி.

நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் விரல்கள் என் கைக்குள் துடித்தன. எல்லாம் முடிந்து துக்கம் கேட்கிறவர்கள் போன பிறகு, அண்ணாச்சி என்னிடம் வந்தார். என்னிடம் அவர் நேராகப் பேசியதே குறைவு.

"ரோசம்மா, அவ என்னைக்காவது நிம்மதியா இருந்தாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நான் அன்னைக்கே அவ கூட நடந்திருக்கணும்" என்றார்.  இன்று வரை அந்தப் பேச்சு எனக்குள் ஆறாமல் கிடக்கிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை மனுஷன் என்னிடம் சொன்னார்.

இந்தக் கடற்கரைச் சாலையில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். உலையை இறக்கி வைத்துவிட்டு, இன்று மத்தியானமே முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். நீங்கள் இருந்தவரை அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை.  இந்த ரோட்டில் லாரி வருமா, வந்தால் என்ன வேகத்தில் வரும், பிள்ளைகள் எங்கே நடக்கிறது என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? மெம்பரா?"

"மெம்பரெல்லாம் இல்லய்யா. ரோட்டுல நடக்குறவ."

நாளைக்கு வரச் சொன்னார். போவேன் மதினி. பேசினது என் வாய்தான். உள்ளே இருந்து பிடித்துத் தள்ளியது நீங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தள்ளல் நிற்கவில்லை. இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்தில்கூட நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள்
ரோசம்மா