பெயர்கள் கட்டங்களாக வந்த மாலை

இன்று காலை ஒரு பெண் தன் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தாள். நான் அனுப்பிய கோப்பைச் செல்போனில் திறந்தாள். மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். அவள் சிரித்துவிட்டாள். எனக்குக் காது மடல் சுட்டது. உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். நீ இறந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது; இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராயபுரத்தில் நாம் இருவரும் சேர்ந்து இந்த டிடிபி கடையைப் போட்ட புதிதில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கான பூசைக்கு நினைவு மலர் அச்சடிக்கும் வேலை வந்ததே, அந்த மாலைதான் ஞாபகம் வந்தது. அச்சுக்குப் போகும் முன் பெயர்களைச் சரிபார்க்க, வீட்டாரை மாதா கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நம் கணினியில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. மண்டபத்துக் கணினியில் பக்கத்தைக் காட்டும் மென்பொருளுக்கு நம் எழுத்துரு பிடிபடவில்லை. பெரிய திரையில் படங்கள் வந்தன. ஒவ்வொரு முகத்தின் கீழும் காலிக் கட்டங்கள்.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "எம் புள்ள பேரு எங்கம்மா? கடலுதான் அவன இட்டுகினு பூடுச்சி, நீங்க பேரையும் அழிச்சிட்டீங்களா?"

பின்னால் யாரோ கத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கோப்பை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். "ஃபான்ட்டு ஏறல... ப்ரிவியூல மட்டுந்தான் இப்படி..." என்று திரையைப் பார்த்தே உளறினேன். அந்த அம்மாவை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

நீ மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாய். "பேரு எங்கியும் போவல ஆயா. இந்தப் பொட்டிக்கு நம்ம எழுத்து தெரியல. நீயே சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சூசை" என்றார். "அவன் போனதுலேர்ந்து இந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல" என்று அழுதார். அடுத்த வீட்டார் எழுந்தார்கள், அதற்கடுத்தவர்கள் எழுந்தார்கள். எல்லாப் பெயர்களும் சத்தமாகச் சொல்லப்பட்டன.

திரும்பும் வழியில், "வுட்றி, மெஷினு பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றாய். நான் தலையைக் குனிந்தபடியே நடந்தேன்.

போன வாரம் காசிமேட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "உன் தோஸ்து எங்கம்மா?" என்றார். சொன்னேன். மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதும் என் தலை குனிந்தேதான் இருந்தது.

இப்போதெல்லாம் பெயர் கொடுக்க யார் வந்தாலும் முதலில் அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். கணினியை அப்புறம்தான் திறக்கிறேன். அது உன்னிடமிருந்து வந்தது. கூச்சம் மட்டும் என்னுடையது. அது இன்னும் போகவில்லை.