பென்சிலில் எழுதிய பெலும்

டீச்சர்,

மன்னிக்க வேண்டும். நீங்கள் இருந்தபோது நேரில் நின்று பேசத் தெரியாதவள், இல்லாதபோது எழுதுகிறேன். யாழினியின் பழைய பள்ளிப்பையில் துண்டைத் தேடியபோது, அடியில் அந்த நீல நோட்டுப் புத்தகம் கிடைத்தது. விரித்ததும் உங்கள் மேசையின் தைல வாசம் அடித்தது.

அவள் உங்கள் சிறப்புப் பாலர் வகுப்பில் இருந்த இரண்டு வருடமும் அந்தப் புத்தகம்தான் நமக்கு நடுவே போய்வந்தது. மற்ற அம்மாக்கள் பள்ளி வாசலருகே நின்று உங்களிடம் ஓயாமல் பேசுவார்கள். நான் பிள்ளையை விட்டு, புத்தகத்தை நீட்டிவிட்டு ஓடிவிடுவேன்.

"டிகிரி வாங்கின ஆளு, வாய மட்டும் யூனிவர்சிட்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். என் மகள் ஐந்து வயதிலும் பேசவில்லை என்பதை இன்னொருவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும். அவளால் முடிந்துவிட்டால் மலாயில் ‘போலே’. இன்னும் இல்லை என்றால் ‘பெலும்’. போலேயைப் பேனாவால் எழுதுவீர்கள், பெலுமைப் பென்சிலால். "அழிக்கப்போற வார்த்தைக்கு எதுக்குமா மை?" என்பீர்கள். பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் தேய்த்த தடம் இன்னும் இருக்கிறது.

ஒரு வரியை மட்டும் நான் மாற்றினேன். கழிப்பறைக்குப் போகக் கையைக் காட்டிக் கேட்பது. வீட்டில் ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். அந்தப் பெலுமை அழித்து, பேனாவால் போலே என்று எழுதி அனுப்பினேன். நீங்கள் நம்பி டயப்பர் இல்லாமல் விட்டீர்கள். பாட்டு நேரத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நனைந்து நின்றாளாம். நான் வந்தபோது உங்கள் மாற்றுக் கைலியைச் சுற்றிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"பெலும்னு சொன்னா நான் பக்கத்துல நிப்பேன். போலேன்னு சொன்னா தள்ளி நின்னுடுவேன்லா. இன்னிக்கு நான் தள்ளி நின்னுட்டேன்மா."

நனைந்த துணியைப் பையில் கட்டிக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டேன்; மன்னிப்புக் கேட்கவில்லை.

வருடக் கடைசி விடுமுறையில் நீங்கள் இறந்துபோன செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. உங்கள் வீட்டுக்கு வந்தேன். அங்கேயும் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன்.

நாளை காலை, தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு ஆசிரியையைப் பார்க்க வேண்டும். யாழினிக்கு ஏழு வயதாகிறது. சேர்ப்பதற்கான விண்ணப்பப் பாரத்தை முன்பே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ‘தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்வாள்’ என்ற வரிக்கு எதிரே இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை. பெலுமுக்கு இடமில்லை. ஆம் என்றால் பொய். இல்லை என்றால் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? என் கணவருக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். "நீ போய் பேசிடு, நீதானே படிச்சவ" என்கிறார். அந்த ஆசிரியையை ஒருமுறை பார்த்தேன். பாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வேகமாகப் பேசினார்.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவே பென்சிலால் பெலும் என்று எழுதியிருக்கிறேன். சில நாள் கையைக் காட்டிக் கேட்கிறாள். சத்தம் கூடினால் மறந்துவிடுகிறாள். யாராவது பக்கத்தில் நின்றால் போதும். இவ்வளவும் அந்த ஒரு சொல்லில் தெரியாது. நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இன்றுதான் பார்த்தேன். யாழினியின் வேலைகளுக்குக் கீழே உங்கள் கையெழுத்தில் இன்னொரு வரி: ‘அம்மா பேசுவது’. எதிரே, பென்சிலில், பெலும்.

அன்று கேட்காத மன்னிப்பை இப்போது கேட்கிறேன், டீச்சர். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நாளை நான் பேசிவிட்டால், அந்தப் பெலுமை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதிக்கொள்ளட்டுமா? உங்களைக் கேட்காமல் அந்தப் புத்தகத்தில் எழுத எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.